எண்ணெய்க்குப் பாட்டி எதற்கு?

வணிகம் என்றதும் முகஞ்சுளிப்பது தமிழ் இலக்கிய வாசகரின் நெடுநாள் பழக்கம். நாவலில் ஒரு கடைக்காரர் வந்தால் அவர் தராசுத் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தியாக வேண்டும். சிறுகதையில் ஓர் ஆலை முதலாளி வந்தால் அவருக்கு வயிறு பெருத்திருக்க வேண்டும். விளம்பரம் மொழியின் இழிநிலை என்று இலக்கியக் கூட்டங்களில் முழங்கக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. இந்த அருவருப்பு உண்மையானதாக இருந்தால் மதிக்கலாம். ஆனால் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் அதே நண்பர், வழியில் ஒரு 'இயற்கை அங்காடி'யில் நுழைகிறார். பாம்படம் அணிந்த ஒரு மூதாட்டியின் படம் அச்சிட்ட புட்டியை, விலை பாராமல் பரவசத்தோடு வாங்கிச் செல்கிறார். அந்த மூதாட்டி யார் என்று அவர் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த மூதாட்டியைப் பற்றியது.

நாம் அறிந்த எண்ணெய் வணிகர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தெருவில் செக்கு ஓட்டி வருகிறார். எள்ளைக் கையில் அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே அதன் ஈரப்பதத்தைச் சொல்லிவிடுவார். செக்கில் இடும்போது கருப்பட்டியை எந்த நேரத்தில் சேர்த்தால் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரியும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். இத்தனை ஆண்டுகளில் அவருடைய எண்ணெய்க்குத் தனிப்பெயர் கிடையாது. தூக்குவாளியோடு வருவார்கள், அளந்து ஊற்றுவார், போவார்கள். அவர் பெயர்தான் எண்ணெயின் பெயர். 'அண்ணாச்சி கடை எண்ணெய்' என்றால் அந்த வட்டாரத்தில் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை.

அவர் இப்போது புட்டியில் அடைத்து, பெயரிட்டு, பிற ஊர்க் கடைகளுக்கு அனுப்ப விரும்புகிறார். பேராசை என்று உடனே உதடு பிதுக்குகிறவர்கள் கொஞ்சம் வரலாறு அறிந்து பேசுவது நல்லது. 1998-இல் தில்லியில் பிரமதண்டு விதையெண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு சமையல் எண்ணெய் பொதியிடல் ஆணை வந்தது. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும், மாநில அரசு விலக்களித்தாலன்றிச் சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கக் கூடாது என்கின்றன. எங்கோ யாரோ செய்த கலப்படத்திற்கு எல்லாச் செக்குக்காரர்களும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஆணையின் நோக்கத்தில் நமக்குக் குறை இல்லை. விளைவைத்தான் சொல்கிறோம். பொதி வந்தால் பெயர் வேண்டும், பெயர் வந்தால் அந்தப் பெயரை அறியாத ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டும். வாளியோடு வந்தவருக்கு வணிகரின் முகம் தெரியும். ஐம்பது கல் தொலைவில் அலமாரி முன் நிற்பவருக்குத் தெரிவது ஒட்டுத்தாள் மட்டுமே.

ஆகவே அவர் ஒரு விளம்பர நிறுவனத்தை அணுகினார். பெயர் வேண்டாம்; எல்லா நிறுவனங்களும் இதையே சொல்லியிருக்கும். அவர்கள் வகுத்துத் தந்த திட்டம் இதுதான்: முதலில் ஒரு பாட்டி. அடுத்து நான்கு தலைமுறை. பின்னணியில் காளைகள் சுற்றும் கல்செக்கு. 'பாரம்பரியம்', 'தூய்மை', 'மண்மணம்' ஆகிய சொற்கள் கட்டாயம். கதையை எழுத நல்ல தமிழறிந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படித்தான் அவர் நம்மிடம் வந்து சேர்ந்தார்.

உண்மை என்ன? அவருடைய பாட்டி செக்கடிக்கே போனதில்லை, களையெடுக்கப் போனவர். தந்தை வேறொருவர் ஆலையில் கூலிக்கு நின்றவர். செக்குத் தொழிலில் முதல் தலைமுறை இவர்தான். அவருடைய மரச்செக்கை இழுப்பது காளையல்ல, மின்மோட்டார். இதில் எதற்காக அவர் வெட்கப்பட வேண்டும்? கூலிக்காரரின் மகன் கடன் வாங்கிச் செக்குப் போட்டு, முப்பது ஆண்டு அளவு குறையாமல் ஊற்றினார் என்பது ஒரு கதை இல்லையா? இல்லை என்கிறது விளம்பர நிறுவனம். அவருடைய வரலாற்றைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் யாருக்கும் உறவில்லாத ஒரு கிழவியை உட்கார வைக்கிறது. இது வெறும் அலங்காரம் என்று நாம் கருதவில்லை. உழைத்தவரிடமிருந்து உழைப்பைப் பறித்து இல்லாத முன்னோர் கணக்கில் வரவு வைக்கும் வேலை இது. நான்கு தலைமுறைச் சொத்து இருந்தால்தான் மரியாதை என்ற பழைய நிலவுடைமைக் கணக்கு, இங்கே சந்தைப்படுத்தல் என்ற புதுப்பெயரில் வந்து நிற்கிறது. இடதுசாரி நண்பர்கள் கூட இந்தப் புட்டியை வாங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

விளம்பரமே தமிழ் மரபுக்கு அந்நியமானது என்போர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். அகநானூற்றின் 140, 390 ஆகிய பாடல்கள் அம்மூவனார் பாடியவை. இரண்டிலும் உமணர் குலப் பெண் தெருவில் உப்பு விற்கிறாள். அவள் கூவுவது என்ன? நெல்லுக்கு நேர் அளவு உப்பு என்பதே. பண்டம் எது, விலை எவ்வளவு, வாங்குகிறீர்களா என்று தெளிவாகக் கேட்கிறாள். கடல் அன்னை தந்த பரிசு என்றோ முன்னோர் விளைத்த வெண்முத்து என்றோ அவள் சொல்லவில்லை. 140-ஆம் பாட்டில் அந்தக் குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. விளம்பரத்திற்குத் தமிழில் பதிவான முதல் எதிர்வினை அதுவாகத்தான் இருக்கும்! சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரைப் பொற்கடை வீதி வருகிறது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னும் எங்கெங்கே கிடைக்கும் என்று கொடி கட்டி அறிவித்திருந்தார்கள். அந்தக் கொடி வாங்க வந்தவரின் மயக்கத்தைத் தீர்த்தது. இன்றைய ஒட்டுத்தாள் மயக்கத்தை உண்டாக்குகிறது.

இன்னொன்றையும் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. பழந்தமிழில் 'பகர்தல்' என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள், விற்றல் என்றும் பொருள். பகர்நர் என்றால் விற்போர். விற்பதும் சொல்வதும் ஒரே வினையாக இருந்த மொழியில், விற்பவரின் சொல்லுக்கு இலக்கியக்காரர் பொறுப்பில்லை என்று எப்படி ஒதுங்குவது?

அண்மைக் காலத்திற்கு வருவோம். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்ற சிறு தொழில் முனைவர், எப்சம் உப்பையும் முகப்பவுடரையும் சிறு பொதிகளாக்கி விற்றவர். ஷாம்புவைச் சிறு பையில் அடைத்ததும் அவர்தான். கூலித் தொழிலாளியும் வாங்கும்படி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியேறி, 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பெயர் தந்தையின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் தந்தையின் கதையைச் சொல்லி விற்கவில்லை. ஷாம்புவே அறியாத சிற்றூர்களில் ஒரு சிறுவனை நிறுத்தி, எல்லாரும் பார்க்கத் தலை தேய்த்துக் காட்டினார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையில் விளம்பரம் போட்டு, இலவசப் பைகள் கொடுத்தார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பை ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பிறகு, சிக் காலிப் பைகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். கடைக்காரரிடம் மக்கள் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். மல்லிகை, ரோஜா மணங்கள் சேர்ந்தபோது விற்பனை மேலும் ஏறியது. சிறுபை பெற்றெடுத்த குப்பை மலையைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் விற்ற முறையைப் பாருங்கள். பொருளை மக்கள் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். பாட்டி அங்கே தேவைப்படவில்லை.

அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் வீட்டுப் புழக்கடையில் சலவைத்தூள் கலக்கி, மிதிவண்டியில் வீடுவீடாகக் கொண்டுபோய் விற்றார். மகள் நிருபமாவின் பெயரைச் சுருக்கி நிர்மா என்று வைத்தார். அதுவும் உறவுப் பெயர்தான். ஆனால் உண்மையில் இருந்த உறவு.

இனி நம் தரப்பின் முக்கியமான சாட்சி. அவர் கவிஞரோ திறனாய்வாளரோ அல்லர், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். 2018-ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகளில் அந்த ஆணையம் அடைமொழிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. இயற்கையான, புதிய, தூய, அசலான, பாரம்பரிய என்ற பொருள் தரும் சொற்களை நினைத்தபடி பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு. பெயரிலேயே அத்தகைய சொல் இருந்து, அது வாங்குவோரை மயக்கக் கூடுமானால், இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மை இயல்பைக் குறிப்பதன்று என்ற அறிவிப்பை மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் அச்சிட வேண்டும். தமிழ்த் திறனாய்வு நூறாண்டாகச் செய்யத் துணியாத காரியம் இது. ஓர் அரசு அலுவலகம் அடைமொழிக்கு ஆதாரம் கேட்கிறது!

நாம் அவ்வாறு கேட்பதில்லை. கேட்டால் நம் வீட்டுக் கூரை முதலில் இடியும். தமிழ்ச் சிறுபதிப்பாளரும் சிறு வணிகர்தானே? அவர் வெளியிடும் நூல்களின் பின்னட்டைகளை எடுத்து வரிசையாக வையுங்கள். 'மண்ணின் மணம் கமழும்', 'வேர்களைத் தேடும்', 'சமரசமற்ற', 'அசலான குரல்'. புத்தகம் எத்தனை பக்கம், எதைப் பற்றியது, முன்பு எதில் வெளிவந்தது என்பதைத் தேடினாலும் கிடைக்காது. எண்ணெய்ப் புட்டிக்கு அந்த விதிகள் பொருந்துவதுபோல் பின்னட்டைக்கும் பொருந்தினால் பாதிப் பதிப்பகங்கள் மூன்று மில்லிமீட்டர் அறிவிப்போடுதான் நூல் விற்க வேண்டியிருக்கும். விளம்பர நிறுவனத்தார் இந்தச் சொற்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்று வியக்க வேண்டியதில்லை. நம்மிடமிருந்துதான்.

பொய்யில்லாமல் விற்குமா, பெருநிறுவனங்கள் கோடிகளைக் கொட்டும்போது இந்த ஏழை வணிகருக்கு மட்டும் ஏன் அறம் போதிக்கிறீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் அறம் போதிக்கவில்லை, கணக்குச் சொல்கிறோம். பாட்டியும் காளையும் யாரும் வாங்கக்கூடிய சரக்கு. நாளை ஒரு பெருநிறுவனம் இதைவிட அழகான பாட்டியை, நடிகை ஒருவரை வைத்தே, திரையில் காட்டும். அந்தப் போட்டியில் நம் வணிகர் தோற்பது உறுதி. அவர்களால் காட்ட முடியாதது ஒன்று உண்டு: இந்த எண்ணெய் எந்த நாளில் ஆட்டியது, எள் எந்தச் சந்தையில் பிடித்தது, ஆட்டியவர் யார், குறை இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது. முப்பதாண்டுச் சிறு வணிகரின் முதல் அந்தக் கதவுதான். தெருவில் அவரை நம்பியவர்கள் நம்பியதும் அதையே. எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் வாளியோடு திரும்பி வந்து கத்தலாம் என்ற உறுதி. புதுப் பெயர் அந்த உறுதியைப் புது ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். பாட்டியின் படம் அந்தக் கதவைச் சுவரடித்து மூடிவிடுகிறது. பாட்டியிடம் யார் போய்ச் சண்டை போட முடியும்?

விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று அறிவித்தபோது மக்கள் பொவண்டோவைத் தேடி வாங்கினார்கள். பார்த்தீர்களா, மரபு விற்கிறது என்கிறார்கள். அந்தப் புட்டி அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகப் பெட்டிக்கடைகளில் இருந்ததால்தான் தேடியபோது கிடைத்தது. அதன் சுவையை மக்கள் அறிந்திருந்தார்கள். நேற்று அச்சடித்த ஒட்டுத்தாளுக்கு அந்தக் காலத்தைக் கடன் கொடுக்க முடியாது.

இனி, நம்மிடம் கேட்ட பத்து வரி. எழுதிக் கொடுத்தோம். வணிகரின் பெயர், தெருவின் பெயர், மோட்டாரில் ஓடும் வாகைமரச் செக்கு, கருப்பட்டி சேர்த்தது, ஆட்டிய நாள், அடியில் வண்டல் தங்கலாம் என்ற எச்சரிக்கை, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் விலையில் குறைப்பு. முதல் நூறு புட்டிகளை அயலூர்க் கடைகளுக்கு அனுப்புமுன், அந்த ஊர்களில் பெண் கொடுத்த, பெண் எடுத்த பழைய வாடிக்கையாளர்களுக்குச் சிறு புட்டி இலவசமாகக் கொடுத்தனுப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவருக்கு அது பிடித்திருந்தது. மோட்டார் என்ற சொல் விளம்பர நிறுவனத்திற்குப் பிடிக்கவில்லையாம். வண்டல் என்ற சொல்லைக் கண்டு பதறினார்களாம்.

வணிகர் அரைமனதாக இருக்கிறார். இவ்வளவு சொல்லிவிட்டு எண்ணெய் நல்லது என்று எங்கேயும் சொல்லவில்லையே, ஒரே ஒரு சொல்லாவது போடக் கூடாதா என்று கேட்டார். எள்ளிலிருந்து வந்த நெய்தான் எண்ணெய். பிறகு கடலை, தேங்காய் என எல்லாவற்றின் நெய்க்கும், மண்ணிலிருந்து எடுப்பதற்கும்கூட, அந்தப் பெயரே பொதுவாகிவிட்டது. அதனால் எள்ளின் நெய்க்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. அந்த 'நல்ல' பெயரிலேயே இருக்கிறது ஐயா என்று சொல்லியிருக்கிறோம். ஒட்டுத்தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.