திரையில் வரும் வாத்தியார் போதுமா?

செல்போன் திரையில் விஞ்ஞானப் பாடம் நடக்கிறதாம். பல்கலைக்கழக மாணவர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறார்களாம். இனி ஏழை வீட்டுப் பிள்ளையும் விஞ்ஞானி ஆகிவிடுவானாம்! நல்ல பேச்சுத்தான். ஆனால் வேடசந்தூர் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளியும், நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கும் கூலித் தாயும் கேட்பது ஒரே கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் சோதனைச் சாலை எங்கே? வாத்தியார் எங்கே?

மாணவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். கற்றதைப் பிறர்க்குச் சொல்லித்தர முன்வரும் இளைஞனுக்கு நமது வாழ்த்து. 1956-இல் காந்திகிராமத்தில் கிராமியக் கல்வி நிறுவனம் தோன்றியது எதற்காக? கிராமத்துக்காகத்தான். 1976-இல் அது பல்கலைக்கழக அந்தஸ்தும் பெற்றது. படித்தவன் கிராமத்துக்கு வருவது தர்மமல்ல, கடமை. நமது சண்டை அவனோடு அல்ல. அவனைக் காட்டித் தம் பொறுப்பைக் கைகழுவப் பார்க்கும் சர்க்கார்களோடுதான்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை மறந்து விட்டோமா? எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் கதவு திறந்தது. பத்தொன்பது மாதம்! அந்நாளில் ஆன்லைன் வகுப்பு யாருக்கு நடந்தது? கூலிக்காரன் வீட்டில் இருந்தது ஒரே போன். அதுவும் அப்பன் சட்டைப் பையில் மில்லுக்குப் போய்விட்டது. ஷிப்டு முடிந்து அவன் வரும்போது வகுப்பும் முடிந்துவிட்டது. வசதி படைத்தவன் பிள்ளை தனியறையில் பாடம் கேட்டான். நம் பிள்ளை ஆடு மேய்த்தான்.

அந்தப் பள்ளத்தைத் தூர்க்க 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. முதலில் எடுத்த 12 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. தினமும் மாலையில் பாடம் சொன்ன தொண்டருக்கு மாதம் 1,000 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 273 ரூபாய். கணக்குப் போடுங்கள்: நான்கு நாள் கூலிக்கும் குறைவு! 2022 நவம்பரில் ‘வானவில் மன்றம்’ வந்தது. பள்ளிக்கே வந்து விஞ்ஞானச் சோதனை செய்து காட்டும் நல்ல திட்டம். ஆனால் சுமார் 13,200 பள்ளிகளுக்கு 710 பேர்! ஒருவர் தலையில் பதினெட்டுப் பள்ளிகள்!

டில்லியின் கதை இதைவிட மோசம். 2020-இன் கல்விக் கொள்கை பாடம் சொல்லத் தொண்டர்களைக் கூப்பிடச் சொல்கிறது. அக்கொள்கையைத் தலையில் கட்டும் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, 2024-25-இல் 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. ஒரு கையால் பணத்தைப் பிடுங்குவது, மறு கையால் போனைக் காட்டுவது! இது என்ன நியாயம்?

“ஒன்றுமில்லாததற்கு இது மேலல்லவா?” என்பார்கள் சிலர். சோறு போடாமல் ஊறுகாயை மட்டும் இலையில் வைத்தால் பசி ஆறுமா?

விஞ்ஞானம் நமக்கு அலங்காரமல்ல, ஆயுதம். பஞ்சுத் தூசு நுரையீரலை எப்படி அரிக்கிறது? தோல் ஷாப்புக் கழிவு கிணற்று நீரை எப்படிக் கெடுக்கிறது? 1996-இல் சுப்ரீம் கோர்ட் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டதே, ஏன்? இவை நம் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடங்கள். கிணற்று நீரைத் தன் கையால் குழாயில் ஊற்றிச் சோதித்தால்தான் பிள்ளைக்கு உண்மை புரியும். திரையைத் தடவினால் உப்புக் கரிக்குமா?

1961-இல் கியூபாவைப் பாருங்கள். சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் விளக்கோடும் புத்தகத்தோடும் கிராமம் சென்றார்கள். பகலில் விவசாயியோடு வயலில் உழைத்தார்கள். இரவில் எழுத்துக் கற்பித்தார்கள். ஓராண்டில் ஏழு லட்சம் பேர் எழுத்தறிவு பெற்றார்கள். அங்கே தொண்டு, சர்க்காரின் கடமைக்குத் துணையாக நின்றது. அதற்குப் பதிலாக அல்ல.

ஆகவே நாம் கோருகிறோம்: காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர்களை நியமி! ஒவ்வொரு பள்ளிக்கும் சோதனைச் சாலை கொடு! பாடம் சொல்லும் இளைஞனுக்கு நியாயமான ஊதியம் கொடு! டில்லியே, கல்விப் பணத்தில் கை வைக்காதே!

தோழர்களே! கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் கூலியோடு கல்வியையும் கோரிக்கையாக வையுங்கள். பாடம் சொல்ல வரும் மாணவனையும் நம் வரிசைக்கு அழையுங்கள். அவனும் நாமும் சேர்ந்து கேட்டால் கொடுக்காமல் தப்ப முடியாது!