மறுமொழி வருமட்டும்

பரீட்சை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும் மாணவர் முகங்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றோம். "எழுதியது எழுதியதுதான், இனி நினைந்து வருந்திப் பயனில்லை" என்று அவர்களுக்கு எத்தனையோ முறை உபதேசமும் செய்திருக்கின்றோம். அந்த உபதேசத்தைச் சொல்லுதல் எவ்வளவு எளிது, ஏற்றல் எவ்வளவு அரிது என்பதை இவ்வாரந்தான் உணர்ந்தோம். எமது கையிலிருந்து எடுத்த ஒரு சிறு குப்பி இரத்தம் கொழும்புக்குச் சென்றிருக்கின்றது. அதன் மறுமொழி வர இன்னும் சில நாட்கள் உண்டு.

என்ன சோதனை என்று கேட்டாற் சிலர் நகைக்கவும் கூடும். கோதுமை எமது உடலுக்கு ஆகுமா, ஆகாதா என்பதே வினா.

கதை ரொறன்ரோவில் தொடங்கியது. அங்கு வாழும் எமது தங்கை ஆண்டுக்கணக்காகச் சோர்வாலும் வயிற்றுப் பொருமலாலும் இரத்தக் குறைவாலும் வருந்தி வந்தாள். முடிவில் அவளுக்கு இருப்பது சீலியாக் என்னும் நோய் எனத் துணிந்த வைத்தியர், "பெற்றோரும் உடன்பிறந்தோரும் சோதித்துப் பார்ப்பது நன்று" என்றாராம். இந்நோய் உள்ளவரின் நெருங்கிய இரத்த உறவினருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு அஃது இருக்கக்கூடும் என்பது வைத்தியர் கணக்கு. எமக்கும் இரத்தக் குறைவு புதியதன்று. இரும்புச்சத்துக் குளிசைகளை விழுங்கியே பல ஆண்டுகள் கழிந்தன. குளிசை நின்றதும் குறைவு திரும்பிவிடும். படிப்பிக்கும் களைப்பு என்று நாமே ஒரு காரணத்தையும் கற்பித்துக்கொண்டோம். தங்கையின் தொலைபேசி அழைப்பே அந்தக் காரணத்தை ஐயுறச் செய்தது. எமக்கு நோய் உண்டென்றால் அடுத்துச் சோதிக்கப்பட வேண்டியவர் எமது பிள்ளைகள். ஆகவே மனம் அமைதியாக இல்லை.

நோய் இன்னதென்று சுருக்கமாகக் கூறுவோம். கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. கோதுமை மாவைக் குழைத்தால் இறப்பர்போல் இழுபடுகின்றதே, அந்த இழுவையைத் தருவது இதுவே. பெரும்பாலார்க்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. சிலருடைய உடல் மாத்திரம் இப்புரதத்தைக் கண்டதும் பகைவனைக் கண்டதுபோற் பொருது, அப்போரிலே தன் சிறுகுடலையே புண்படுத்திக்கொள்கின்றது. சிறுகுடலின் உட்சுவரிற் சடைமுளைகள் என்னும் நுண்ணிய விரல்கள் நிறைந்திருப்பதை மாணவர்கள் விஞ்ஞானப் பாடத்திற் படித்திருப்பர். உண்டதன் சாரத்தை உறிஞ்சுவன அவையே. அவை தேய்ந்து தட்டையானால், எவ்வளவு உண்டாலும் உடலுக்குச் சேர்வது குறையும். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். நோய் முதலிலே தாக்குவதும் அப்பகுதியையே. குளிசை விழுங்கியும் இரத்தம் ஊறாமைக்குக் காரணம் அங்கு இருத்தல் கூடும். பிள்ளைகளாயின் வளர்ச்சி குன்றும். பெரியோர்க்கு எலும்பும் வலுவிழக்கும்.

இந்நோயின் காரணத்தைக் கண்ட வரலாறு பஞ்சத்தோடு பிணைந்தது. 1888ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ நோயை விவரித்து, உணவினாலேயே இதற்குக் குணம் கிடைக்கவேண்டும் என்றும் எழுதினார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்துப் பல பிள்ளைகளைத் தேற்றினார். குணம் தந்தது வாழைப்பழமென உலகம் நம்பிற்று. உண்மையிற் குணம் தந்தது, அவர் பாணை விலக்கியமையே! விடை சரியாக இருந்தும் செய்கை வழி பிழைத்த கணக்கை ஒத்தது இது.

செய்கை வழியைக் கண்டவர், யாழ்ப்பாணக் கோட்டையைப் புதுக்கிக் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டவர். த ஹேக் நகரிலே சிறுவர் வைத்தியராக இருந்த வில்லெம் டிக்கே, 1930களிலேயே கோதுமைமீது ஐயங்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 மாரிகாலத்தில், மேற்கு ஒல்லாந்திற் கொடும் பஞ்சம் விளைந்தது. ஏறக்குறைய 20,000 மக்கள் மாண்டனர். தூலிப் பூவின் கிழங்கையும் மக்கள் அவித்துத் தின்றனர். பாண் அரிதாகிய அந்நாட்களிற் சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் தேறினர். போர் முடிந்து பாண் திரும்பிற்று. நோயும் உடன் திரும்பிற்று. ஐயம் உறுதியாக, டிக்கே 1950இல் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்காகத் தம் ஆய்வைச் சமர்ப்பித்தார். ஊரெல்லாம் வாடிய பஞ்சத்திலே சில பிள்ளைகள் மாத்திரம் தளிர்த்தனர் என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. 1990களில் தடைகளின் நடுவே பிள்ளைப் பருவத்தைக் கழித்த எம் தலைமுறைக்கு, ஒரு துண்டு பாண் எத்தகைய விருந்து என்பதைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. அந்தப் பாணே ஒருவனுக்கு நஞ்சாகலாம் என்பதை ஏற்க மனம் தயங்குவதும் அதனாலேதான்.

"இது வெள்ளைக்காரரின் நோய், சோறுண்ணும் நமக்கு ஏது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2016இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று இதற்கு விடை கூறும். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தனர். வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்தில் இந்நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. தெற்கில் ஆயிரத்தில் ஒருவரிடமே அவை இருந்தன. ஆயினும் நோய்க்கு இடந்தரும் பரம்பரைக் கூறு வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கில் 36 பேரிடமும் காணப்பட்டது. இதிற் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு உணவிலேதான். வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். தெற்கில் 25 கிராம். வித்து இரண்டிடத்தும் உண்டு. நீர் வார்த்த இடத்தில் முளைத்தது என்று கொள்ளலாம்.

இனி நம் அடுக்களையைப் பார்ப்போம். இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்திற் கோதுமை மா வீடுவீடாகப் புகுந்தது. 1980இல் திருகோணமலையிற் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின் அது நிலைபெற்றுவிட்டது. நம் முதியோர் அதனை இன்றும் அமெரிக்கன் மா என்பர்; வந்த வழியைப் பெயரே சொல்லும். காலைக்கு அரை றாத்தல் பாணும் இரவுக்கு மாக் கலந்த பிட்டும் உண்பவர், தாம் சோறுண்ணும் தெற்கைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு பொருத்தம் உண்டு?

பாணும் கொத்துறொட்டியும் கண்ணுக்குத் தெரியும் கோதுமை. தெரியாததே பெரிது. இடியப்பத்திலும் பிட்டிலும் அரிசி மாவோடு அவித்த கோதுமை மா சேர்கின்றது. தோசைக்கு உழுந்தோடு அதுவே கரைக்கப்படுகின்றது. மோதகத்தின் மேல்மாவிலும், முறுக்கிலும், பருத்தித்துறை வடையிலும், வாய்ப்பனிலும் உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமையின் வேறு வேடங்கள். கடையில் வாங்கும் பெருங்காயக் கட்டியிலும் கோதுமை மாவைச் சேர்ப்பதுண்டு. சோயா சோசிலும் கோதுமை உண்டு. மோல்ற் பானங்களில் வாற்கோதுமை உண்டு. இவற்றை எண்ணியபோது, எமது வீட்டு அடுக்களை நாம் அறியாத ஊர்போலத் தோன்றியது.

நோயுள்ளவர்க்கு இன்றுவரை உணவு விலக்கே மருந்து. அதுவும் ஆயுள் முழுவதற்கும். சிறிது உண்டால் என்ன என்று கேட்டல் இயல்பு. ஒரு துண்டுப் பாணில் இரண்டு மூன்று கிராம் குளூட்டன் உண்டு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அத்துண்டின் ஐம்பதில் ஒரு பங்களவு, தொடர்ந்து சேர்ந்தாலும் குடல் புண்படக்கூடும் என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். குளூட்டன் அற்றது என்று விற்கும் உணவில், ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது உலக உணவு நியமம். ஆகவே மாவை மாற்றினால் மாத்திரம் போதாது. இரண்டு மாவையும் அரிக்கும் அரிதட்டு, இரண்டையும் பிழியும் இடியப்ப உரல், இரண்டையும் அரைக்கும் மில், றோல்ஸ் பொரித்த எண்ணெய் ஆகிய யாவும் ஐயத்துக்குரியன. நீத்துப்பெட்டியின் ஓலைப் பின்னலிற் புகுந்த மாவை எவ்வளவு கழுவினாலும் முற்றாக நீக்க முடியுமா?

இங்கே வாசகர்க்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். இதனைப் படித்துவிட்டு, தமக்கும் இந்நோய் இருக்கலாம் என ஐயுற்று, நாளையே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தச் சோதனை தேடுவது, உடல் அப்போருக்காக ஆக்கிய பிறபொருளெதிரிகளை. கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் சென்றால் அவை குறைந்துவிடும்; குடலும் ஆறத் தொடங்கும். பின் சோதித்தால் நோய் இல்லை என்ற பொய் மறுமொழி வரக்கூடும். இரத்தம் ஐயம் காட்டினாற் குழாய்க் கருவியைச் செலுத்தி, சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பர். அதுவரையும் வழக்கம்போல் உண்ணவேண்டும் என்பது எமது வைத்தியரின் கட்டளை. நம் நாட்டில் இரத்தக் குறைவுக்கு வேறு காரணங்களே மிகுதி என்பதையும் மறத்தலாகாது. வைத்தியரிடம் கேட்டறிந்த பின்பே எதனையும் விலக்குக.

இந்தக் கட்டளையால் எமது வீட்டில் ஒரு சிறு பூசலும் நிகழ்ந்தது. செய்தி கேட்ட அன்றே எமது அன்னையார் பாணை வீட்டுப்படி ஏற விடாமல் நிறுத்திவிட்டார். "சோதினை முடியுமட்டும் தின்னத்தான் வேணும்" என்று நாம் விளக்க, "கூடாதெண்டு தெரிஞ்சும் தின்னச் சொல்லுற வைத்தியம் எங்கையடா மோனை இருக்கு?" என்று சினந்தார். காலைதோறும் நாம் ஒரு துண்டுப் பாணைக் கடமையாக உண்பதையும், அவர் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்வதையும் காண்போர் சிரிப்பர். ஆனால் அவரே தமக்குச் சோதனை வேண்டாம் என்று மறுக்கின்றார். "எனக்கு உந்த வயதிலை என்னத்துக்கு?" என்பது அவர் வாதம். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

எம்மை உண்மையில் வருத்துவது நாவின் ஆசையன்று. கோயிலில் ஒருவர் அன்போடு மோதகத்தை நீட்டும்போது, "இதில் என்ன மாச் சேர்த்தீர்கள்?" என்று கேட்க நேருமே என்ற கூச்சமே. கல்யாண வீட்டிலும் நினைவுநாள் வீட்டிலும் விருந்தினன் கேள்வி கேட்டல் நம் வழக்கமன்று. பெரியவராகிய எமக்கே இவ்வளவு கூச்சமாயின், தோழரின் பிறந்தநாளிற் கேக்கைத் தொடாது நிற்கவேண்டிய பிள்ளையின் நிலை என்ன? வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "ஒரு துண்டு தின்றாற் செத்தா போவாய்?" என்று கேட்காத தோழமையும், கேட்க விடாத ஆசிரியரும் அப்பிள்ளைக்குப் பாதி மருந்தாவர். மற்றப் பாதி வீட்டில் இருக்கின்றது. ஒருவர்க்கு மாத்திரம் தனிச்சட்டி வைத்து ஒதுக்குவதிலும், வீடு முழுவதும் ஒரே பிட்டை உண்பது மேலானது.

அது நமக்கு இயலாததும் அன்று. மேல்நாட்டார் விலையுயர்ந்த பொதிகளிற் குளூட்டன் அற்ற மாவைத் தேடுகின்றனர். நமக்கோ மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் உண்டு. குரக்கனும் தினையும் சாமையும் உண்டு. பயறும் உழுந்தும் மரவள்ளியும் உண்டு. பனை தரும் ஒடியல் மா உண்டு. அதனை ஊறவிட்டுக் கசப்பை வடித்து ஆக்கும் பிட்டும் கூழும் உண்டு. ஆடிப்பிறப்புக் கூழிற் பச்சரிசி மாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் அன்றிக் கோதுமைக்கு இடமில்லை. இழந்தது பொருளன்று, கைப்பழக்கமே. கோதுமை கலவாத அரிசிப் பிட்டு உதிராமல் வர, மா வறுக்கும் பதமும் நீர் தெளிக்கும் அளவும் தெரியவேண்டும். அவை நூல்களில் இல்லை. முதியோர் விரல்களில் இருக்கின்றன.

நேற்று மாலை அன்னையார் சந்தையிலிருந்து புதிய நீத்துப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து, தனியே ஓர் ஆணியில் மாட்டினார். "மறுமொழி வரட்டுமே, அம்மா" என்றோம். "வரட்டும். அமெரிக்கன் மா வரமுன்னம் சனம் பிட்டுத் தின்னேல்லையே?" என்றார். எமது மூத்த மகள் அருகில் அமர்ந்து, பாட்டி மா வறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுமொழி புதன்கிழமை வரும் என்கின்றனர். அதுவரை எமக்குக் காலையில் ஒரு துண்டுப் பாண் உண்டு.