மண்ணைக் கேளாமல் இட்ட அத்திவாரம்

முருங்கன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலே, வீடு கட்டி மூன்று ஆண்டுகளே ஆன ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். முன்னறை யன்னலின் மூலையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எனது சுண்டுவிரல் அதற்குள் போயிற்று. அந்த வீட்டுத் தாய் சொன்னார்: "சுவாமி, இது கோடைக்குத் திறக்குது, மாரிக்கு மூடுது. பூசிப் பூசிப் பார்த்திட்டம், நிக்குதில்லை. மாரியில கதவும் இறுகிப் போகுது."

அவ்வீட்டின் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் பார்த்துக் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். ஆகவே இக்கட்டுரை பிறரைக் குறைகூற எழுதப்படுவதன்று. அவ்வீட்டைக் கட்டிய மேசனில் குறையில்லை. கலவையிலும் கல்லிலும் குறையில்லை. மண் எத்தகையது என்று எவரும் கேளாமல் அத்திவாரம் இட்டதே குறை.

ஒரு மாவட்டம், பல மண்கள்

மன்னார்த் தீவிலே தோண்டினால் மணல். பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்வெளிகளிலே தோண்டினால் கறுத்த களி. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் இந்த முருங்கன் களியே அங்கு கொண்டுசெல்லப்பட்டு, அவ்விடத்துச் சுண்ணாம்புக்கல்லுடன் சேர்த்துச் சீமெந்தாக்கப்பட்டது. இன்னும் உள்ளே காட்டுப்பக்கம் போனால் கிறவல் கலந்த செம்மண். குடாநாட்டின் வலிகாமத்திலோ சில அடிகளிலேயே மண்வெட்டி சுண்ணாம்புக்கல்லில் முட்டும்.

இந்த நான்கு மண்ணுக்கும் அத்திவாரம் ஒன்றாக இருக்க முடியாது. சுண்ணாம்புக்கல் நல்ல தாங்குதளம். ஆனால் அதனுள்ளே நீர் கரைத்த பொந்துகள் உண்டு என்பதைப் புத்தூர் நிலாவரைக் கிணறு நமக்குக் காட்டி நிற்கிறது. மணலைப் பலர் இழிவாகப் பேசுவர். பக்கவாட்டில் நகரவிடாமலும், நீர் அரித்துச் செல்லவிடாமலும் பார்த்துக்கொண்டால் மணல் பாரத்தை நன்றாகவே தாங்கும். அங்கே அஞ்ச வேண்டியது உப்புநீரைத்தான். சரியாக மூடப்படாத கம்பியை அது துருப்பிடிக்கச் செய்து, கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

கறுத்த களியின் குணம் வேறு. இதிலுள்ள மொன்மொரிலோனைற்று என்னும் கனிப்பொருள் ஏடு ஏடாக அமைந்தது. மழைநீர் அவ்வேடுகளுக்கிடையே புகும்போது மண் உப்புகிறது. கோடையில் நீர் வற்றும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் வயலிலே கைநுழையும் வெடிப்புகளைக் காணாத விவசாயி யார்? நெல்லுக்கு நல்லதாகிய இக்குணமே வீட்டுக்குப் பகையாகிறது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழுள்ள மண் வெயிலும் மழையும் படாமல் ஓரளவு ஒரே நிலையில் இருக்கும். ஓரங்களிலுள்ள மண்ணோ ஆண்டுதோறும் ஏறி இறங்கும். அதனால்தான் வெடிப்பு மூலைகளிலும் யன்னல் ஓரங்களிலும் தொடங்குகிறது.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். பாரமான மாடிக் கட்டிடம் உப்பும் களியைத் தன் எடையால் ஓரளவு அமுக்கி வைத்திருக்கும். ஏழையின் ஒற்றைத்தட்டு வீட்டுக்கு அந்தப் பாரமில்லை. களி அதனை இலகுவாகத் தூக்கிவிடுகிறது. சிறிய வீடுதானே, சிறிய அத்திவாரம் போதும் என்று எண்ணுவது இங்கே தவறு.

நம் முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். தாழ்ந்த நிலத்தை வயலுக்கு விட்டு, மேட்டுக் காணியிலே குடியிருந்தார்கள். அவர்களுடைய மண்சுவரும் கிடுகுக் கூரையும் நிலத்தோடு சேர்ந்து அசைந்தன. வெடித்தால் அதே மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். சீமெந்துக் கல்லோ வளையாது, முறியும். வீட்டின் சுவரை மாற்றிய நாம், அதன் அத்திவாரத்தை மாற்ற மறந்துவிட்டோம்.

செய்யக்கூடியது என்ன?

முதலாவது, தோண்டிப் பார்ப்பது. கோடையிலே காணியில் ஆறடிக் கிடங்கு ஒன்று வெட்டி, வெடிப்பு எவ்வளவு ஆழத்துக்குப் போகிறதென்று பார்க்கலாம். ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டினால் மெல்லிய திரியாக நீள்கிறதா, காய்ந்த உருண்டை கையால் நசுக்க முடியாத அளவுக்கு இறுகுகிறதா என்று சோதிக்கலாம். அயலிலுள்ள பழைய மதில்களையும் கிணற்றுக் கட்டுகளையும் பார்க்கலாம். அவ்வூர் முதியவரிடம் கேட்கலாம். இவை எதற்கும் பணம் தேவையில்லை. சந்தேகம் இருப்பின் பொறியியலாளர் ஒருவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

இரண்டாவது, ஆழம். பருவத்துக்குப் பருவம் அசையும் மண்ணைத் தாண்டி அத்திவாரம் இறங்க வேண்டும். களி அதற்கும் கீழே போகுமாயின், அகலமாகத் தோண்டிக் களியை அகற்றி, நல்ல கிறவலை ஆறு அங்குலப் படைகளாக இட்டு, நீர் தெளித்து இடித்து இறுக்கி, அதன்மேல் கட்ட வேண்டும். வெறும் மணலால் நிரப்பினால் அக்கிடங்கு மழைநீர் தேங்கும் தொட்டியாகிச் சுற்றியுள்ள களிக்கு நீரூட்டும்.

மூன்றாவது, பிணைப்பு. அத்திவாரத்தின் மேலே எல்லாச் சுவர்களின் கீழும், எங்கும் முறியாது ஓடும் கம்பி கட்டிய கொங்கிறீற் வளையம் ஒன்று வேண்டும். கதவு, யன்னல்களுக்கு மேலேயும் அவ்வாறு ஒன்று இருப்பது நல்லது. அப்போது நிலம் சற்று அசைந்தாலும் வீடு ஒரே உடலாக நிற்கும்.

நான்காவது, நீர். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாமல் வெளிப்புறம் சரிந்த சீமெந்துத் தரை இடுங்கள். கூரைநீரும் குசினிநீரும் சுவரடியில் விழாதிருக்கட்டும். வேம்பு போன்ற பெருமரங்களைச் சுவரோரம் நடவேண்டாம். அவற்றின் வேர்கள் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மதிப்பீட்டிலும் நீதி வேண்டும்

இவையெல்லாம் பொறியியலாளருக்குத் தெரிந்த விடயங்களே. பின் ஏன் செய்யப்படுவதில்லை? நமது திட்டங்கள் ஒரே வரைபடத்தையும் ஒரே தொகையையும் கொண்டு எல்லா நிலத்தையும் அளப்பதே காரணமென்பது எனது கருத்து. போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் வீட்டுரிமையாளரே முன்னின்று கட்டும் முறை பரவியது நல்லதொரு மாற்றம். 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ரூபா 550,000 வழங்கப்பட்டது. ஏனைய பல திட்டங்களும் இவ்வாறே ஒரு நிலையான தொகையைக் கொடுத்தன. எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பது நீதிபோலத் தோன்றும். ஆயின் பாறைமீது காணி கிடைத்தவருக்கும் களிமீது காணி கிடைத்தவருக்கும் சமமான தொகை சமமான வீட்டைக் கொடுப்பதில்லை. களிமண்காரர் மேலதிகமாகத் தோண்ட வேண்டும். அதற்குக் கடன்பட வேண்டும், அல்லது தோண்டாமல் விடவேண்டும்.

அந்த மேலதிகம் எவ்வளவு? 550 சதுர அடி வீடொன்றின் சுவர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 130 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டடி அகல அத்திவாரத்தை மேலும் இரண்டடி ஆழமாக்கினால் 520 கன அடி மண் வெட்ட வேண்டும். அதாவது ஐந்து கியூப்புக்குச் சற்று மேல். அதற்கு ஈடான கிறவலும், சில நாள் கூலியும், வளையத்துக்கான கம்பியும் வேண்டும். இது சிறு செலவென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டுதோறும் வெடிப்புப் பூசி, ஈற்றில் வீட்டையே இழப்பதிலும் பார்க்க இது குறைவு.

கட்டுப்பண முறையும் ஒரு சோதனையே. அத்திவாரம் முடிந்தாற்றான் அடுத்த பணம் என்றால், மக்கள் அதனை விரைவாக முடிக்கவே பார்ப்பர். நிலத்துக்கு மேலே தெரியும் சுவரைப் பார்வையிட நாம் பலமுறை போகிறோம். திறந்த கிடங்கைப் பார்க்க எத்தனைமுறை போனோம்?

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மண்ணைப் பார்க்காமல் எந்த மதிப்பீடும் கையொப்பமிடப்படலாகாது. களிநிலக் குடும்பங்களுக்கு அத்திவாரத்துக்கென மேலதிகத் தொகை ஒதுக்கப்பட வேண்டும். கிடங்கு மூடப்படுமுன் பொறுப்பானவர் அதனுள் இறங்கி அளந்து பார்க்க வேண்டும்.

ஆண்டவர் சொன்ன இரு வீடுகளின் உவமையை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். மத்தேயுவில் புத்தியுள்ளவன் பாறையைத் தெரிந்துகொள்கிறான். லூக்காவிலோ அவன் ஆழமாகத் தோண்டுகிறான். மத்தேயுவின் மனிதனைப்போல் நிலத்தைத் தெரிவு செய்யும் வசதி நம் மக்களில் பலருக்குக் கிடைப்பதில்லை. மீள்குடியேற்றத்தில் கிடைத்த காணியே அவர்களுடைய காணி. ஆகவே அவர்களுக்கு உரியது லூக்காவின் வழிதான். தோண்டும் பாட்டை அவர்களோடு பகிர்ந்துகொள்வதே நமது கடமை.

அந்தத் தாயின் வீட்டைச் சுற்றி இப்போது சரிவுத் தரை இடப்பட்டிருக்கிறது. வெடிப்பு முன்போல விரிவதில்லை. ஆயினும் அது முற்றாக மூடவுமில்லை. வீடு எழும்பிய பின்னர் அத்திவாரத்தைத் திருத்துவது எளிதன்று.