ஹெர்மயனியைத் தேடியவர்கள் எதைத் தேடினார்கள்?

ஹாரி பாட்டர் நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க முனைந்த எச்.பி.ஓ. நிறுவனத்துக்காக 2024 செப்டம்பரில் ஒரு நடிகர் தேர்வு அறிவிப்பு வெளியானது. ஹாரி, ரான், ஹெர்மயனி ஆகிய மூவருக்கும் குழந்தைகள் தேவை. 2025 ஏப்ரலில் 9 முதல் 11 வயதுக்குள் இருக்கவேண்டும்; பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வசிக்கவேண்டும். முதற்கட்டத்துக்கு நேரில் வரவேண்டியதில்லை, காணொளி அனுப்பினால் போதும். இத்தகைய அறிவிப்புகளைக் கலையுலகின் கதவு எளியோர்க்குத் திறந்துவிட்டதன் சான்றாகக் கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. அக்கொண்டாட்டத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. புகழ்பெற்ற கதைநாயகிக்காக நடத்தப்படும் திறந்த தேர்வு பெரும்பாலும் தேடலின் வேடம் பூண்ட விளம்பரம். அதற்கு ஊதியமின்றி உழைப்பவர்கள் சிறுமியர். அவர்களை அங்கே இழுத்துவருவது ஒரு புத்தகத்தின்மீது அவர்கள் வைத்த அன்பு.

தழுவலாய்வுத் துறை, மூலத்துக்கு விசுவாசமா இல்லையா என்னும் பழைய வழக்கைக் கடந்து பல்லாண்டுகள் ஆயின. ஆயினும் தழுவல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், திரைக்கதையில் என்றே இன்றும் விடை வருகிறது. அதற்கு முன்பே, தேர்வு அறிவிப்பிலேயே, அது தொடங்கிவிடுகிறது. அந்த அறிவிப்பை ஒரு பிரதியாக வாசிப்பார் அரிது. 2024ஆம் ஆண்டு அறிவிப்பு இரண்டு காணொளிகளைக் கேட்டது. முதலாவதில், குழந்தை தன் சொந்த உச்சரிப்பில் அரை நிமிடத்துக்கு மேற்படாத கவிதையோ கதையோ சொல்லவேண்டும். அது ஹாரி பாட்டரிலிருந்து எடுத்ததாக இருக்கலாகாது. இரண்டாவதில், பிறந்த தேதி, உயரம், வசிக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லி, தனக்கு நெருக்கமான ஒரு மனிதரைப் பற்றியோ விலங்கைப் பற்றியோ பேசவேண்டும். பழைய படங்களின் போலிகள் வந்து குவியாதிருக்க முதல் விதி உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். புத்தகத்தின் பெயரால் அழைக்கப்பட்ட சிறுமி, புத்தகத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, தன் உயரத்தையும் முகவரியையும் ஏந்தி உள்ளே செல்கிறாள். நாவலின் ஹெர்மயனியோ அடங்காத தலைமுடியும் துருத்திய முன்பற்களும் கொண்டவள். பாடநூல்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வந்து எரிச்சலூட்டுபவள். அவளை அடையாளங்காட்டுவது அவளுடைய பேச்சு. அவள் உயரம் என்னவென்று எந்த வாசகி கேட்டாள்?

அடுத்தது எண்ணிக்கை. ஒரு நடிகரின் பெயர்கூட அறிவிக்கப்படாத நிலையிலேயே, 32,000 குழந்தைகள் விண்ணப்பித்த செய்தி உலகெங்கும் பரவியது. தேர்வுக் குழு நாளொன்றுக்கு 500 முதல் 1,000 காணொளிகள் வரை பார்ப்பதாகவும் சொல்லப்பட்டது. ஒரு நாளில் இருப்பவை 1,440 நிமிடங்கள். குழுவில் எத்தனை பேர் இருந்தாலும், வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து அனுப்பிய ஒரு குழந்தைக்கு அங்கே எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அதைவிட முக்கியமானது, அந்த எண் யாருக்குப் பயன்பட்டது என்னும் கேள்வி. அதனால் தேர்வின் தரம் உயரவில்லை. தொடரின் மதிப்பு உயர்ந்தது. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் அந்த எண்ணில் ஓர் அலகாக நின்று, தன்னை நிராகரித்த தொடருக்கு விளம்பரம் செய்தது.

இது இணையம் பெற்றெடுத்த தந்திரம் என்று எண்ணவேண்டாம். 1936இல் டேவிட் செல்ஸ்னிக், ‘கான் வித் த விண்ட்’ நாவலின் திரைப்பட உரிமையை வாங்கினார். ஸ்கார்லெட் ஓ’ஹாராவைத் தேடி அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு ஆட்கள் அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 1,400 பெண்கள் நேர்காணப்பட்டனர். இரண்டாண்டுக் காலம் ஏடுகள் இதனையே எழுதின. அந்த இரண்டாண்டுகள் செல்ஸ்னிக்குக்கு வேறொரு காரணத்தால் தேவைப்பட்டன. கதாநாயகனாகக் கிளார்க் கேபிளைப் பெறவேண்டுமாயின் படத்தை எம்.ஜி.எம். நிறுவனத்தின் மூலம் வெளியிடவேண்டும். தமக்கிருந்த பழைய விநியோக ஒப்பந்தம் 1938 இறுதியில் முடியும்வரை அது இயலாது. காத்திருக்கும் காலத்தில் மக்களின் ஆர்வம் ஆறிவிடக்கூடாது. அதற்கு அந்தத் தேடல் கைகொடுத்தது. முடிவில் பாத்திரம் யாருக்குப் போயிற்று? லண்டனில் ஏற்கெனவே திரையில் நடித்துக்கொண்டிருந்த விவியன் லீக்கு. தென்மாநிலத் தேடலில் சார்ல்ஸ்டன் நகரில் கண்டெடுக்கப்பட்ட அலிசியா ரெட்டுக்குக் கிடைத்தது, இந்தியா வில்க்ஸ் என்னும் சிறு பாத்திரம்.

சார்ல்ஸ் போர்ட்டிஸ் 1968இல் எழுதிய ‘ட்ரூ கிரிட்’ நாவலில், தந்தையைக் கொன்றவனைத் தேடிச் செல்லும் 14 வயது மேட்டி ராஸ், முதுமையில் தன் கதையைத் தானே சொல்கிறாள். கோயன் சகோதரர்களின் 2010ஆம் ஆண்டுப் படத்துக்காக நாடெங்கும் திறந்த தேர்வு நடந்தது. 15,000 சிறுமியர் விண்ணப்பித்ததாக அறிவிக்கப்பட்டது. தேர்வான ஹெய்லி ஸ்டைன்ஃபெல்ட் ஏற்கெனவே குறும்படங்களில் நடித்தவர். நாவல் முழுவதையும் தன் குரலால் தாங்கும் கதைநாயகிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது ‘துணை நடிகை’ப் பிரிவில் என்பது தனிக் கூத்து. 2025இல் ஹெர்மயனியாக அறிவிக்கப்பட்ட சிறுமியும் லண்டன் வெஸ்ட் எண்டில் ‘மட்டில்டா’ இசைநாடகத்தின் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர். இம்மூவரின் திறமையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கேள்வி அவர்களைப் பற்றியதன்று. தொழிலுக்குள் இருந்தவரே தேர்வாவார் எனில், தொழிலுக்கு வெளியே நின்ற பல்லாயிரவர் எதற்காக அழைக்கப்பட்டனர்?

விதிவிலக்கு உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 2006இல் லண்டனில் நடந்த திறந்த தேர்வுக்கு வந்த 15,000 சிறுமியருள் ஒருத்தியாக நின்று, லூனா லவ்குட் பாத்திரத்தைப் பெற்றார் அயர்லாந்தைச் சேர்ந்த இவான்னா லிஞ்ச். அதற்குமுன் தொழில்முறை நடிகையாக இருந்தவர் அல்லர். ஆனால் அவர் நேரில் வரிசையில் நின்றவர். பெற்றதும், அலிசியா ரெட்டைப் போலவே, துணைப் பாத்திரம்.

இணையவழித் தேர்வின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வியை எழுப்புவர். பயணச் செலவும் அறிமுகமும் இல்லாத சிறுமிக்கு இதைவிட்டால் வேறு வழி ஏது? வழி வேண்டும்தான். ஆனால் ஒளிப்பதிவுக் கூடத்தின் செலவு மறைந்துவிடவில்லை. வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. வெளிச்சம், சத்தமில்லாத அறை, நல்ல கைப்பேசி, எதிரே நின்று வசனம் எடுத்துக்கொடுக்க ஓய்வுள்ள பெற்றோர் ஆகிய நான்கும் வாய்த்த வீட்டுக்கே அந்தக் கதவு உண்மையில் திறக்கிறது. இவ்வகைச் சுயப்பதிவுகளின் சுமை தாளாமல்தான், 2023இல் வேலைநிறுத்தம் செய்த அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா அவற்றுக்கு வரம்பு வேண்டுமென்பதையும் தன் கோரிக்கைகளில் சேர்த்தது. ஒப்பந்தத்தில் விதிகளும் பெற்றது. வளர்ந்தவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு எது இருக்கிறது?

இந்தியாவின் நிலை இன்னும் மெலிந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்த விதிகள், குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பணியில் அமர்த்தலாகாது என்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைக் கட்டாயமாக்குகின்றன. வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போடச் சொல்கின்றன. இவையெல்லாம் வேலை கிடைத்த குழந்தைக்கு. வேலை கேட்டுக் காணொளி அனுப்பிய குழந்தையை இவ்விதிகள் அறியா. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. நடிகர் தேர்வில் கைப்பேசியைப் பிடித்திருப்பவரே பெற்றோர், ஒப்புதலுக்கா பஞ்சம்? ‘புதுமுகங்கள் தேவை’ என்று சமூக ஊடகங்களில் நாள்தோறும் வரும் அழைப்புகளுக்கு, வயது, உயரம், நிறம், கைப்பேசி எண் ஆகியவற்றோடு பெண்குழந்தைகளின் படங்கள் போய்ச் சேர்கின்றன. அவை பின்னர் யாரிடம் இருக்கின்றன என்று கேட்க எந்த அலுவலகமும் இல்லை.

இவ்வளவும் எல்லாத் தேர்வுகளுக்கும் பொருந்துமே, புகழ்பெற்ற கதைநாயகிக்கு மட்டும் என்ன தனிக்கேடு என்று கேட்கலாம். சோப்பு விளம்பரத்தில் தேர்வாகாத சிறுமி ஒரு வேலையை இழக்கிறாள். ஹெர்மயனியாகத் தேர்வாகாதவளுக்கோ ‘நீ அவள் அல்லள்’ என்னும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. படுக்கையில் கவிழ்ந்து படித்தபோது அவள் ஹெர்மயனியாகத்தான் இருந்தாள். அதற்கு அவளுடைய நிறம் தடையாக இல்லை, எடையும் உச்சரிப்பும் தடையாக இல்லை. யாரும் அவளை மதிப்பிடவில்லை. அச்சில் முகமில்லாதிருப்பது நாவலின் குறை என்று திரையுலகம் கருதுகிறது. வாசகிக்குக் கிடைத்த இடமே அதுதான். 2015இல், நாடக மேடையில் வளர்ந்த ஹெர்மயனியாகக் கறுப்பின நடிகை நோமா டுமஸ்வேனி அறிவிக்கப்பட்டபோது எழுந்த வசைகளை நினைவுகூர்ந்தால், முகம் ஒன்றென முடிவானபின் வாசகர் கூட்டம் அம்முகத்துக்கு எப்படிக் காவலாளி ஆகிறது என்பது விளங்கும். அந்தக் கூட்டத்தின் முன்புதான் பத்து வயதுக் குழந்தைகள் நிறுத்தப்படுகிறார்கள்.

ஆகவே திறந்த தேர்வு நடத்துவோரிடம் கேட்கவேண்டியவை வெளிப்படையானவை. தொழில்முறை முகவர்கள் வழியாக நடக்கும் இணைத்தேர்வு இருப்பின், அதை அறிவிப்பிலேயே சொல்லவேண்டும். ஒவ்வொரு காணொளியையும் முழுமையாகப் பார்த்தார்களா என்பதை எழுத்தில் தரவேண்டும். முதற்கட்டத்தில் வசிப்பிடத்தைக் கேட்கலாகாது. விண்ணப்பித்தோர் எண்ணிக்கையை விளம்பரச் செய்தியாக்கலாகாது. தேர்வாகாத குழந்தைகளின் பதிவுகளை இன்ன தேதிக்குள் அழிப்போம் என்று உறுதி கூறி, அழித்தபின் பெற்றோருக்குத் தெரிவிக்கவேண்டும். 32,000 என்று எண்ணத் தெரிந்த நிறுவனத்துக்கு அத்தனை கடிதங்கள் அனுப்புவது இயலாத வேலையன்று.