வெறுங்கையோடு திரும்புவதா நிதானம்?

கபடியில் தோல்வி வந்தால் பழி சுமக்க ஒருவன் எப்போதும் அகப்படுகிறான்: பாடிப்போய்ப் பிடிபட்டவன். அவசரப்பட்டான், ஆழமாக ஏறினான், பார்த்து ஆடியிருக்கலாம் என்கிறார்கள். நடுக்கோட்டைத் தாண்டிச் சற்றே உலாவிவிட்டு, எவரையும் தொடாமல் திரும்பியவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதற்கு நிதானம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்சூட்டலைத்தான் நாம் மறுக்கிறோம்.

2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் விதிகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு ரைடுக்கு 30 நொடி. ஓர் அணியின் இரண்டு ரைடுகள் தொடர்ந்து புள்ளியின்றி முடிந்தால், மூன்றாவது 'டூ ஆர் டை' ரைடு. அதிலும் வெறுங்கையோடு திரும்பினால் பாடியவன் வெளியே. எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆக, முதலிரு முறை ஒதுங்கி வந்தவர்கள் ஆபத்தை ஒழித்துவிடவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அதுவும், அவன் வந்தே தீரவேண்டும் என்பது எதிரில் நிற்கும் அனைவருக்கும் தெரிந்துவிட்ட கணத்துக்கு! வருவானா, போக்குக் காட்டுவானா என்ற எதிரியின் ஐயமே பாடுபவனின் மூலதனம். அதை முதலிரண்டு ரைடுகளில் வீணடித்துவிட்டு மூன்றாவதில் வீரம் தேடுவது என்ன கணக்கு?

மறுப்பவர்களின் வாதம் அற்பமானதல்ல. முதன்மை ரைடர் வெளியேறினால் போவது ஒரு புள்ளி மட்டுமன்று. அவன் மீட்கப்படும்வரை அணியே முடங்கக்கூடும். எதிரில் மூவரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடிபட்டால், 'சூப்பர் டேக்கிள்' என்று இரண்டு புள்ளிகள் பறிபோகும். அங்கே பொறுமை காப்பதை நாம் குறைசொல்லமாட்டோம். ஆனால் எதிரில் ஆறு பேரோ எழுவரோ நிற்கையில் போனஸ் கோடு திறந்திருக்கிறது. அப்போதும் நடுக்கோட்டருகே கால் தேய்த்துவிட்டுத் திரும்புவதற்கு என்ன நியாயம்?

தமிழ் தலைவாஸ் அணியைப் பாருங்கள். 2017-இல் லீக்கில் நுழைந்த அணி, 2019 பருவத்தில் கடைசி இடம். 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமுற்றார். ஒடுங்கி ஆடுவதற்கு அதைவிடச் சிறந்த சாக்கு கிடைத்திராது. ஆனால் ரைடுச் சுமையின் பெரும்பகுதி, லீக்கில் அதுவே முதல் பருவமான நரேந்தரின் தோளுக்கு வந்தது. அவர் 200-க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகள் எடுத்தார். அணி முதன்முறையாக அரையிறுதி கண்டு, புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது. அவர் பிடிபடாமலா அத்தனையும் எடுத்தார்? பிடிபட்டார், மீண்டும் அனுப்பப்பட்டார். நம்பிக்கை என்பதன் பொருள் அதுதான்.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரரிடம் கேட்டால் இது எளிதில் விளங்கும். விரிசல் விழுமே என்று அஞ்சி அரைவேக்காட்டில் சூளையைப் பிரித்தால், ஃபியூஸ் கட்டை உடையாமல் வெளிவரலாம். நீரை உறிஞ்சும், மின்சாரத்துக்கு ஆகாது. சூடேற்றும் வேகத்தை அவர் கணக்கிடுவார், சூட்டைக் கைவிடமாட்டார்.

இதே வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ஆடும் பையனுக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்ற கனவு அதன் பின்னால் நிற்கிறது. ஒருமுறை பிடிபட்டதற்காக ஊர்முன் திட்டு வாங்கியவன், அடுத்த முறை 'சும்மா போய்வர'க் கற்றுக்கொள்கிறான். தேர்வாளர் முன் நிற்கையில் அவன் காட்டுவதற்குப் புள்ளி இருக்காது. பத்திரமாகத் திரும்பிய கால்கள் மட்டுமே இருக்கும்.

எனவே பயிற்சியாளர்களிடம் நாம் கேட்பது சிறிய காரியமே. பிடிபட்ட ரைடுகளை எண்ணும் அதே நோட்டில், வெறுங்கையோடு திரும்பிய ரைடுகளையும், அப்போது எதிரில் நின்றவர் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். தோல்விக்குக் காரணம் யார் என்று அதன்பிறகு பேசுவோம்.