கேட்டதைக் கொடுத்தவர்கள்

"ஜனங்கள் கேட்பதைத்தானே கொடுக்கிறோம்!" என்று சொல்லாத வியாபாரி உண்டா? நியூயார்க் நகரத்து டபிள்யூ.ஏ.பி.சி. வானொலி இந்த வேதத்தை நம்பித்தான் வாழ்ந்தது. 1960-ல் பாப் பாட்டுக்கு மாறிய அந்த நிலையம், இசைத்தட்டுக் கடைகளில் விற்பனையை விசாரித்து, சில பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பிற்று. முதலிடத்துப் பாட்டு ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை! கடையில் விற்றது வானொலியில் ஒலித்தது. வானொலியில் ஒலித்ததே கடையில் விற்றது. இதில் ஜனங்களின் விருப்பம் எங்கே?

1978-ல் எஃப்.எம். நிலையமொன்று டிஸ்கோ இசையோடு வந்ததும், அதே ஜனங்கள் பெருவாரியாக அங்கே போய்விட்டார்கள். 1982 மே 10-ல் டபிள்யூ.ஏ.பி.சி. பாட்டை நிறுத்திப் பேச்சு நிலையமாயிற்று.

"வாசகர் கேட்கிறார்" என்று பழைய கதையையே எழுதி வாங்கும் பத்திரிகாசிரியர்களே, வாசகருக்கு வேறு எதைக் கொடுத்துப் பார்த்தீர்கள்?