நத்தம் கணவாயை ஏன் மறைக்கிறோம்?



ஆகஸ்ட் 15 நெருங்கினால் நம் பள்ளிவாசல் முற்றங்களிலும் மதரஸா மேடைகளிலும் ஒரு பட்டியல் வாசிக்கப்படுகிறது. கான் சாகிபு மருதநாயகம், ஹைதர் அலி, திப்பு சுல்தான் என நீளும் அப்பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அவை மறக்கடிக்கப்படும் காலத்தில் உரக்கச் சொல்வது நம் கடமையே. ஆயினும் 1755ஆம் ஆண்டின் நத்தம் கணவாய்ப் போரை அம்மேடைகளில் எவரும் சொல்வதில்லை. நத்தத்திற்குப் பக்கத்து ஊர்களிலும் இதே நிலைதான்.

காரணம் வெளிப்படை. அந்தப் படையெடுப்பில் நம்மவர்கள் கும்பினியின் பக்கம் நின்றார்கள்.

கர்னல் ஹெரான் தலைமையிலான கும்பினிப் படை, ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்காக மதுரை, நெல்லைச் சீமைகளில் வரி தண்டச் சென்றது. நவாபின் தமையனார் மாபூஸ் கான் துணை சென்றார். சிப்பாய்களுக்குத் தளபதி, நாம் போற்றும் கான் சாகிபு. மதுரைக்கு அருகே கோயில்குடியில் கோயிலைத் தாக்கிய அப்படை, அங்கிருந்த திருமேனிகளைக் கவர்ந்து அவற்றுக்கு விலை பேசியது. மே மாத இறுதியில் திரும்பும் வழியில், நத்தம் கணவாயின் அடர்காட்டில், கள்ளர் சமூகத்தார் ஈட்டிகளோடு பாய்ந்து படையைச் சிதறடித்தனர். திருமேனிகளை மீட்டுச் சென்றனர். அவர்கள் அரசனிடம் ஊதியம் பெற்ற பட்டாளத்தார் அல்லர், அந்நிலத்துக் குடிமக்கள். ஹெரான் பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார்.

“நம் குறையை நாமே பேசினால் பகைவர் கையில் ஆயுதமாகாதா?” என்று சிலர் வினவுகின்றனர். நீதிக்குச் சாட்சியாக நிற்கும்போது தன்னையும் பெற்றோரையும் உறவினரையும் பாராதே என்று கட்டளையிடும் சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனத்தை ஓதும் சமுதாயத்திற்கு இவ்வினா தகுமா? நாம் மௌனம் காத்தால் அந்நிகழ்ச்சி மறைந்துவிடாது. வரிக்காக நடந்த கொள்ளையை மதப்போர் எனத் திரிப்பவர்களே அதைச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்வார்கள்.

முழுவதையும் சொல்லிப் பாருங்கள். அதே கான் சாகிபு 1763இல் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து வாளெடுத்து, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலேறினார். அவருடைய உயிரைப் பறித்ததில் கும்பினிக்குத் துணைநின்றவர் கலிமா மொழிந்த ஒரு நவாபே. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை நவாப், கும்பினிப் படைகளிடம் பறிகொடுத்த வேலுநாச்சியாருக்குத் திண்டுக்கல் சீமையின் விருப்பாச்சியில் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார்; ஹைதர் அலி படை தந்தார். 1800ஆம் ஆண்டு முஹர்ரம் நாளில் கோயம்புத்தூர்ப் படைமுகாமைத் தாக்க இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாகத் திட்டமிட்டனர். முயற்சி தோற்றபின் 40க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 1801 ஜூனில் சின்ன மருது திருச்சிராப்பள்ளியில் வெளியிட்ட அறிக்கை எல்லாச் சாதியாரோடும் முஸ்லிம்களையும் பெயர்சொல்லி அழைத்தது. கோபால நாயக்கரும் அவ்வாண்டிலேயே தூக்குமேடை கண்டார்.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஓருண்மை புலப்படும். அப்போர்களின் எல்லைக்கோடு மார்க்கத்தின்மேல் வரையப்படவில்லை. அநீதிக்கும் அதை எதிர்த்தோருக்கும் இடையே வரையப்பட்டது. அக்கோட்டின் இருபுறத்திலும் நம்மவர் இருந்தனர். கான் சாகிபோ ஒரே வாழ்நாளில் இருபுறமும் நின்றவர். 1755ஐ மறைத்தால் 1764இன் பொருளும் மங்கிவிடும். எதிலிருந்து அவர் விலகி வந்தார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமற்போகும்.

தியாகிகளின் பட்டியல் நமக்கு வேண்டும், பாதியாக வேண்டா. வரும் விடுதலை நாள் மேடையில் நத்தம் கணவாயிலிருந்து தொடங்குங்கள். அங்கு வென்ற குடிமக்களின் வழித்தோன்றல்களையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். நமக்கு எதிரான உண்மையையும் நாமே சொன்ன பிறகு, நமக்குச் சார்பான உண்மையை மறுக்க எவருக்கும் துணிவு வராது.

வாய்மையோடு சாட்சி பகரும் மக்களாக நம்மை ஆக்கிவைக்க அல்லாஹ் போதுமானவன்.